போனவர் திரும்பிவிட்டாரா? கோ, கான், பீன், கம்: எதை எங்கே எடுப்பது

மதுரை மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் ஒரு லாட்ஜில் நான் ரிசப்ஷன் பார்த்துக்கொண்டிருந்த காலம். மாடியில் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் விடியற்காலையிலேயே டாக்சி பிடித்து ராமேஸ்வரம் கிளம்பிவிட்டார். பதினோரு மணி வாக்கில் அவரைத் தேடி இன்னொருவர் வந்து, ஆள் எங்கே என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஹி ஹாஸ் பீன் டு ராமேஸ்வரம்" என்றேன். அவர் "ஓ, நைஸ்" என்று சொல்லிவிட்டு சோபாவில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டார். பாவம் என்று காபி வரவழைத்துக் கொடுத்தேன். ஒன்றரை மணி நேரம் போயிற்று. பிறகு எழுந்து வந்து, நண்பர் இன்னும் தூங்குகிறாரா, எழுப்பலாமா என்று கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. நான் சொன்னதை அவர் "ராமேஸ்வரம் போய்விட்டு வந்துவிட்டார்" என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். ஆங்கிலத்தில் அதற்கு அதுதான் பொருள். நான் சொல்லியிருக்க வேண்டியது "ஹி ஹாஸ் கான் டு ராமேஸ்வரம்". ஒரு சொல்லில் ஒன்றரை மணி நேரம். இரண்டு காபிக்கான காசையும் மேனேஜர் என் கணக்கில் எழுதினார்.

இப்போது லாட்ஜ் வேலை இல்லை. மாலையில் வீட்டு மாடியில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஆங்கிலம் பேசக் கற்றுத் தருகிறேன். டாக்சி ஓட்டும் தம்பிகள், லாட்ஜ்களில் நிற்கும் பையன்கள், வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் ஒரு நர்ஸ் என்று கலவையான கூட்டம். போவது, வருவது, கொண்டு போவது, சேர்வது பற்றிய சொற்களில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். பல வருடம் கேட்டுக் கேட்டு எனக்குத் தோன்றுவது இதுதான்: சில ஜோடிகளில் தமிழை அப்படியே நம்பலாம், அது சரியாகக் கொண்டு சேர்க்கும். சில ஜோடிகளில் தமிழ் நம்மைப் பாதி வழியில் இறக்கிவிட்டுவிடும். எது எதில் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் இறக்கிவிடும் இடம், நான் காபிக்குக் காசு கட்டிய இடம்.

"அவர் ராமேஸ்வரம் போயிருக்கார்" என்று தமிழில் சொன்னால் இரண்டு அர்த்தம் வரும். இப்போது அங்கே இருக்கிறார் என்பது ஒன்று. வாழ்க்கையில் எப்போதோ ஒருமுறை போய் வந்திருக்கிறார் என்பது இன்னொன்று. எது என்று நாம் பேச்சின் போக்கை வைத்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் அந்த இரண்டையும் கத்தியால் வெட்டியது போலப் பிரித்து வைத்திருக்கிறது. போனவர் இன்னும் வரவில்லை என்றால் கான். போய் வந்துவிட்டார் என்றால் பீன்.

இதற்கு நான் வகுப்பில் அழகரைத்தான் கூப்பிடுவேன். சித்திரைத் திருவிழாவுக்காக அழகர்கோவில் மலையிலிருந்து மதுரைக்கு வரும் அழகர், சித்ரா பௌர்ணமியன்று வைகை ஆற்றில் இறங்கிய பிறகு வண்டியூர் போகிறார். அன்று ராத்திரி தல்லாகுளத்தில் நிற்கும் ஒருவரிடம் "அழகர் எங்கே?" என்று கேட்டால், "ஹி ஹாஸ் கான் டு வண்டியூர்". திருவிழா முடிந்து, பூப்பல்லக்கில் புறப்பட்டு, மலைக்குத் திரும்பிய பிறகு, எங்கே போய் வந்தார் என்று பேச்சு வந்தால், "ஹி ஹாஸ் பீன் டு வண்டியூர்". சாமி அதே சாமி, ஊர் அதே ஊர். மலைக்குத் திரும்பினாரா இல்லையா என்பது மட்டும்தான் சொல்லை மாற்றுகிறது.

இதற்கு மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. "போயிருக்கார்" என்று நினைக்காமல், வாக்கியத்தை முழுசாக நினைத்துப் பாருங்கள். "போயிட்டார்" என்று மனசில் வந்தால் கான். "போயிட்டு வந்திருக்கார்" என்று வந்தால் பீன். ஒரு நொடிதான் பிடிக்கும். அந்த ஒரு நொடியை நான் அன்றைக்குச் செலவழிக்கவில்லை.

தன்னைப் பற்றிச் சொல்லும்போது இன்னும் எளிது. நீங்கள் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள், ஆகவே போன இடத்திலிருந்து வந்தாயிற்று. "ஐ ஹாவ் பீன் டு கொடைக்கானல்" என்பதே உங்களுக்கான வாக்கியம். கான் என்று சொல்லிவிட்டு எதிரில் நின்றால் கேட்பவருக்கு ஒரு கணம் குழம்பும்.

பீனுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு, புத்தகங்களில் அதிகம் வராது. பிரிட்டிஷ்காரர்கள் "ஹாஸ் த போஸ்ட்மேன் பீன்?" என்று கேட்பார்கள். "தபால்காரர் வந்துட்டுப் போயிட்டாரா?" என்று பொருள். நம் ஊரில் மண்டகப்படி வாசலில் தாமதமாக வந்து சேர்ந்த பாட்டி "சாமி வந்துட்டுப் போயிருச்சா?" என்று கேட்பாளே, அதே கேள்வி. ஆக, போயிட்டு வந்தவருக்கும் பீன், வந்துட்டுப் போனவருக்கும் பீன். பயணத்தின் இரண்டு பாதிகளும் முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே மூன்றாவதாக ஒருவர் வரிசையில் நிற்கிறார்: வென்ட். போன வாரம், நேற்று, 2019-இல் என்று காலத்தைக் குறிப்பிட்டுச் சொன்னால் பீனும் வேண்டாம் கானும் வேண்டாம், வென்ட் மட்டும்தான். "ஐ ஹாவ் பீன் டு கொடைக்கானல் லாஸ்ட் வீக்" என்பது தவறு. "ஐ வென்ட் டு கொடைக்கானல் லாஸ்ட் வீக்." கான், பீன் இரண்டுக்கும் தேதி ஆகாது.

ஆனால் நம் ஆட்கள் இந்த இடத்தில் பீனைக்கூட எடுப்பதில்லை. "ஐ ஹாட் கான் டு கொடைக்கானல் லாஸ்ட் வீக்" என்கிறார்கள். தமிழ்நாட்டு ஆங்கிலத்தில் நான் தினமும் கேட்கும் வாக்கியம் இது. படித்தவர்கள், ஆபீசில் பெரிய பதவியில் இருப்பவர்கள் உட்பட. எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் "போன வாரம் கொடைக்கானல் போயிருந்தேன்" என்பதிலிருந்து. போயிருந்தேன் என்ற சொல்லுக்குள் "போனேன், இருந்தேன், இப்போது திரும்பிவிட்டேன்" என்று எல்லாம் அடங்கியிருக்கிறது. அந்தச் சுகத்துக்காகத்தான் அதைச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் "ஹாட் கான்" என்றால் அந்தச் சுகம் கிடையாது. அது இன்னொரு நிகழ்ச்சிக்கு முன்னால் நடந்ததைச் சொல்ல மட்டும். நான் ஸ்டேஷனுக்குள் ஓடி வருகிறேன், வைகை எக்ஸ்பிரஸ் ஏற்கெனவே போய்விட்டது. அங்கே "த ட்ரெய்ன் ஹாட் கான்" பொருந்தும். நான் வந்தது ஒன்று, அதற்கு முன்னால் ரயில் போனது ஒன்று என இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன. வெறுமனே கொடைக்கானல் போய் வந்ததைச் சொல்ல ஹாட் தேவையில்லை. போயிருந்தேன் என்று நாக்கில் வந்தால் வென்ட் என்று மாற்றிக்கொள்ளுங்கள். இந்த ஒன்றைத் திருத்தினாலே பேச்சு பாதி சுத்தமாகிவிடும்.

வென்ட் என்ற சொல்லே கோவின் சொந்தப் பிள்ளை இல்லை என்பது ஒரு வேடிக்கை. வென்ட் (went) என்பது வெண்ட் (wend) என்ற வேறொரு பழைய வினையின் இறந்தகாலம். கோவுக்குத் தனக்கென்று இருந்த பழைய இறந்தகாலம் வழக்கிழந்து போக, பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தத்தெடுத்துக்கொண்டது. அதனால்தான் கோவுக்கும் வென்டுக்கும் முகஜாடையே இல்லை. குழந்தைகள் "கோட்" (goed) என்று சொல்வதில் வியப்பில்லை. நம் போ, போனான் என்று ஒழுங்காக வருகிறது. வாதான் கொஞ்சம் சேட்டை: வா, வருகிறான், வந்தான்.

சரி, இனி தமிழை நம்பக்கூடிய பக்கம்.

கம், கோ இரண்டுக்கும் பயப்படவே வேண்டாம். இதைப் பிற மொழிக்காரர்கள் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொள்கிறார்கள். அம்மா கீழேயிருந்து கூப்பிட்டால் ஆங்கிலக் குழந்தை "ஐ ஆம் கம்மிங்" என்று கத்தும். ஸ்பானிஷ் குழந்தை அதே இடத்தில் "இதோ போகிறேன்" என்றுதான் சொல்லும், அவர்கள் மொழி அப்படி. நாம் "இதோ வர்றேம்மா" என்கிறோம். கூப்பிடுகிறவர் இருக்கும் இடத்துக்கு நகர்ந்தால் வருவது என்று நமக்குப் பிறவியிலேயே தெரியும்.

தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்தில் இதற்கு விதியே இருக்கிறது. வருதல், தருதல் இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்லுதல், கொடுத்தல் இரண்டும் படர்க்கைக்கு உரியவை. பேசுகிறவரிடமோ கேட்கிறவரிடமோ நகர்ந்தால் வா, மூன்றாமவரிடம் நகர்ந்தால் போ. ஆங்கிலக் கம், கோவுக்கு இன்றைக்கு இங்கிலாந்து வாத்தியார் எழுதித் தரும் விதியும் கிட்டத்தட்ட இதேதான்.

மறுபடியும் அழகர். அழகர்கோவிலில் கோட்டை வாசலில் நிற்பவர் "சாமி போகுது" என்பார்: "ஹி இஸ் கோயிங்". மூன்று மாவடியில் சாமியை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்காக நிற்பவர் "அழகர் வர்றார்" என்பார்: "ஹி இஸ் கம்மிங்". இதுவரை சாதாரணம். ஆனால் அழகர்கோவில்காரர் தல்லாகுளத்திலிருக்கும் தங்கைக்குப் போன் போட்டால் என்ன சொல்வார்? கண்ணெதிரே சாமி தன்னை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தாலும், "சாமி வந்துகிட்டிருக்கு, ரெடியா இரு" என்றுதான் சொல்வார். தங்கையின் பக்கம் நின்று பேசுகிறார். ஆங்கிலமும் அப்படியே: "ஹி இஸ் கம்மிங்". தமிழில் வாய் தானாகச் சொல்வதை அப்படியே மாற்றினால் போதும்.

கல்யாணப் பேச்சிலும் இதே கதை. "கல்யாணத்துக்கு வர்றீங்களா?" என்று கேட்பவர் தானும் அங்கே இருக்கப் போகிறவர். "கல்யாணத்துக்குப் போறீங்களா?" என்பவர் இருக்கப் போவதில்லை, அல்லது இன்னும் முடிவு செய்யவில்லை. "ஆர் யூ கம்மிங்", "ஆர் யூ கோயிங்" இரண்டும் இந்த நுணுக்கத்தை அப்படியே தாங்கும். நாளைக்குப் போவதை இன்றைக்கே நிகழ்காலத்தில் சொல்லும் பழக்கமும் இரு மொழிக்கும் பொது. "நாளைக்குச் சென்னை போறேன்" என்பது "ஐ ஆம் கோயிங் டு சென்னை டுமாரோ". இதைப் போய் "ஐ வில் கோ" என்று இலக்கணப் புத்தகத்துக்குப் பயந்து மாற்றுகிறார்கள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்றால் நிகழ்காலமே இயல்பு.

பிரிங், டேக் இரண்டும் கம், கோவின் தம்பிகள்தான். கொண்டு வா என்றால் பிரிங், கொண்டு போ என்றால் டேக். "ஊருக்கு வரும்போது ரெண்டு முழம் மல்லி கொண்டு வா" என்றால் பிரிங். "சென்னைக்குப் போறப்ப மல்லி எடுத்துட்டுப் போ" என்றால் டேக். தமிழில் பொருளை எடுத்துட்டுப் போவோம், ஆளைக் கூட்டிட்டுப் போவோம், வண்டியை ஓட்டிட்டுப் போவோம். ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் டேக் ஒன்றையே வைத்து ஒப்பேற்றுகிறது. நமக்கு வசதிதான். அமெரிக்காவில் சில பக்கங்களில் டேக் வர வேண்டிய இடத்தில் பிரிங் போட்டுப் பேசுவது காதில் விழும். அதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம், நீங்கள் தமிழை ஒட்டியே போங்கள்.

ஒரே ஒரு சொல்லை மட்டும் புதிதாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன்: ஃபெட்ச். "கீழ போயி தண்ணி எடுத்துட்டு வா" என்பதை நம்மவர் "கோ அண்ட் பிரிங் வாட்டர்" என்பார்கள். தப்பில்லை. ஆனால் போவது, எடுப்பது, வருவது மூன்றையும் ஃபெட்ச் ஒரே மூச்சில் சொல்லிவிடும். இன்றைய பேச்சில் அதைவிட "கெட்" அதிகம்: "கெட் மீ சம் வாட்டர்". லாட்ஜ் பையன்களுக்கு நான் கெட்டைத்தான் சொல்லித் தருகிறேன்.

இப்போது மறுபடியும் பள்ளமான ரோடு. இதில் மாட்டாத மதுரைக்காரரே கிடையாது.

யார் வீட்டிலிருந்தும் கிளம்பும்போது நாம் "போறேன்" என்று சொல்வதில்லை. சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் "போயிட்டு வர்றேன்னு சொல்லு" என்று திருத்துவார்கள். போறேன் என்பது திரும்பி வராதவன் சொல். "பெரியவர் போயிட்டார்" என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதனால் வாசலைத் தாண்டும்போது "வர்றேன்", "வர்றேண்ணே", "அப்ப வர்றோம்". கால் வெளியே போகிறது, வாய் வருகிறது என்கிறது. இந்த அழகான பழக்கத்தை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டு போய், விருந்தாளியை அறையில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டே "ஓகே சார், ஐ ஆம் கம்மிங்" என்றால் அவர் என்ன நினைப்பார்? உள்ளே வரப் போகிறானோ என்று கதவைப் பார்ப்பார். என் மாணவன் ஒருவனுக்கு இது நடந்தது. அந்த அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டே காத்திருந்தாராம்.

இங்கே தேர்வு எளிது, ஆனால் இரண்டாகப் பிரித்துச் செய்ய வேண்டும். சில நிமிடங்களில் உண்மையாகவே திரும்பி வரப் போகிறீர்களா? "ஐ வில் பி ரைட் பேக்." அன்றைக்கு வர மாட்டீர்களா? "ஐ ஆம் ஆஃப், சீ யூ டுமாரோ." மறுபடி எப்போது பார்ப்போம் என்று தெரியாவிட்டால் வெறும் "பை" போதும், அமங்கலம் ஒன்றும் இல்லை. "ஐ வில் கோ அண்ட் கம்" என்பதை மட்டும் ஊர் எல்லையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் நம்மவர்கள் மட்டும்தான். சொந்தக்காரரிடம் ஆங்கிலம் கலந்து பேசும்போது சொன்னால் எனக்கு ஆட்சேபம் இல்லை, அங்கே அது தமிழ்தான்.

இதே வரியில் "எந்த ஊர்லேருந்து வர்றீங்க?" என்ற கேள்வி. தமிழில் இது சொந்த ஊரையும் கேட்கும், இன்று காலை எங்கே பஸ் ஏறினீர்கள் என்பதையும் கேட்கும். ஆங்கிலம் பிரித்துவிடும். "ஐ கம் ஃப்ரம் உசிலம்பட்டி" என்றால் அது பிறந்து வளர்ந்த ஊர். "ஐ ஆம் கம்மிங் ஃப்ரம் உசிலம்பட்டி" என்றால் இப்போது அங்கிருந்து வந்துகொண்டிருக்கிறீர்கள். இன்டர்வியூவில் நாற்காலியில் உட்கார்ந்தபடி இரண்டாவதைச் சொன்னால், சொன்னவர் இன்னும் பஸ்ஸில்தான் இருக்கிறார். நர்ஸ் பெண்ணுக்கு நான் சொன்ன வழி, இரண்டையும் விட்டுவிடு, "ஐ ஆம் ஃப்ரம் உசிலம்பட்டி" என்று சொல். கம் இல்லாவிட்டால் காலக் குழப்பமும் இல்லை. "ஐ ஆம் கோயிங் டு மை நேட்டிவ்" என்பதும் அப்படித்தான், கேட்பவர் நேட்டிவுக்குப் பிறகு இன்னொரு சொல் வரும் என்று காத்திருப்பார். "ஐ ஆம் கோயிங் ஹோம்". ஹோமுக்கு முன்னால் டு வேண்டாம். வீட்டுக்கு என்பதில் உள்ள குவுக்காக அதைச் சேர்க்கிறோம்.

ரீச், அரைவ் இரண்டிலும் டு பிரச்சினைதான் பெரிது. "ஐ ரீச்ட் டு மதுரை", "ஐ அரைவ்ட் டு மதுரை" இரண்டும் தவறு. வேற்றுமை தெரிந்தவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. "மதுரையை அடைந்தேன்" என்பதில் ஐ உருபு இருக்கிறது, கு இல்லை. ரீச்சும் அப்படி, நேராக ஊரைப் பிடித்துக்கொள்ளும், நடுவில் எதுவும் ஆகாது: "ஐ ரீச்ட் மதுரை". அரைவ் என்பது வந்து சேர்வது. ஊராக இருந்தால் இன், ஸ்டேஷன், ஓட்டல் போன்ற ஓர் இடமாக இருந்தால் அட். இரண்டில் எதை எடுப்பது என்று கேட்டால், பேச்சில் இரண்டையும் விட "கெட்" லேசானது: "வென் டிட் யூ கெட் டு மதுரை?" அறிவிப்புக்கும் கடிதத்துக்கும் அரைவ் இருக்கட்டும்.

"ரீச் ஆயிட்டேன்" என்ற தமிழ்ச் சொல்லை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கு ஈடு இல்லை. மாட்டுத்தாவணியில் இறங்கியதும் அம்மாவுக்கு அனுப்பும் "ரீச்ட்" என்ற ஒற்றைச் சொல் செய்தி இந்தியா முழுக்கச் செல்லுபடியாகும். ஆனால் லண்டன் மேலாளருக்கு "ஐ ரீச்ட்" என்று அனுப்பினால் எதை ரீச் செய்தாய் என்று அவர் தேடுவார். அவருக்கு "ஐ ஆம் ஹியர்" அல்லது "ஐ ஹாவ் அரைவ்ட்".

கிளம்புவதற்கு நம்மவர் "ஸ்டார்ட்" போடுகிறார்கள். "ஹாவ் யூ ஸ்டார்டட்?" என்று போனில் கேட்கிறார்கள். தமிழ்க் கிளம்பலிலேயே ஒரு மோசடி இருக்கிறது, "கிளம்பிட்டேன்" என்று சொல்பவர் பாதி நேரம் குளியலறையில் இருப்பார். அதை ஆங்கிலத்துக்கு மாற்றுவதானால் "ஐ ஹாவ் லெஃப்ட்". வீட்டைத் தாண்டிவிட்டீர்கள் என்று அது உறுதி சொல்லும், ஆகவே பொய் சொல்வது கொஞ்சம் கஷ்டம். லீவ் என்ற வினையை எடுப்பவர்கள் ஒரு சின்னச் சொல்லைக் கவனிக்க வேண்டும். "லீவிங் மதுரை" என்றால் மதுரையை விட்டு. "லீவிங் ஃபார் மதுரை" என்றால் மதுரைக்கு. ஃபார் விழுந்துவிட்டால் திசையே தலைகீழாகிவிடும். ஆரப்பாளையத்தில் கொடைக்கானல் பஸ்ஸுக்கு வழி கேட்ட ஒரு ஜோடியிடம், என்னிடம் படிக்கும் டாக்சிக்காரத் தம்பி "பஸ் லீவ்ஸ் கொடைக்கானல் அட் டென்" என்று உதவியிருக்கிறான். அவர்கள் அதைத் திரும்பி வரும் பஸ்ஸின் நேரம் என்று எழுதிவைத்துக்கொண்டு, போகும் பஸ் எப்போது என்று மறுபடி கேட்டார்களாம். "அதத்தானண்ணே சொன்னேன்" என்று என்னிடம் வந்து பொருமினான்.

டிராவல், ஜர்னி, ட்ரிப் மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிராவலை எண்ண முடியாது, ஒரு டிராவல் இரண்டு டிராவல் கிடையாது. நம் ஊர் போர்டுகளில் இருக்கும் டிராவல்ஸ் கடைப்பெயர், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஜர்னி என்பது போகும் வழி, ட்ரிப் என்பது போய்விட்டு வருவது. ஸ்டேஷனிலிருந்து இறங்கி வரும் விருந்தாளியிடம் "ஹௌ வாஸ் யுவர் ஜர்னி?" என்று கேட்கலாம். ராமேஸ்வரம் போய்த் திரும்பியவரிடம் "ஹௌ வாஸ் யுவர் ட்ரிப்?" என்று கேட்க வேண்டும். பீன் வரும் இடத்தில் ட்ரிப் வரும் என்று நான் சொல்லி வைப்பதுண்டு, திரும்பி வந்தவருக்குத்தான் இரண்டும்.

கடைசியாக இறங்குவது. பஸ்ஸில் "கோரிப்பாளையம் இறங்கு" என்று கண்டக்டர் குரல் கொடுத்தால் நாம் ஆங்கிலத்தில் "கெட் டவுன்" என்கிறோம். பஸ், ரயில், பைக் என்றால் கெட் ஆஃப். கார், ஆட்டோ என்றால் கெட் அவுட். உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டிக்கு ஆன், ஆஃப். குனிந்து நுழைந்து உட்காரும் வண்டிக்கு இன், அவுட். ஷேர் ஆட்டோவில் எத்தனை பேர் ஏறினாலும் அது இன்தான். காலைப் போட்டு ஏறும் பைக்குக்கும் குதிரைக்கும் ஆன், ஆஃப். கெட் டவுன் என்பது மரத்திலிருந்தோ மதில் சுவரிலிருந்தோ இறங்கச் சொல்வதற்கு.

இதில் சிக்கல் வந்தது சித்திரைத் திருவிழாவில். டாக்சிக்காரத் தம்பி, தன் வண்டியில் வந்த இரண்டு பேரைக் கூட்டத்தில் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போய், "நவ் அழகர் வில் கெட் டவுன் இன் த ரிவர்" என்று விளக்கியிருக்கிறான். தங்கக் குதிரையில் அழகர் வந்தார், ஆற்றுக்குள் போனார், கூட்டம் ஆர்ப்பரித்தது, தண்ணீர் பீய்ச்சினார்கள். எல்லாம் முடிந்த பிறகும் அவர்கள் இருவரும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கடைசியில் ஒருவர் கேட்டாராம், சாமி எப்போது குதிரையிலிருந்து இறங்குவார் என்று.

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று தம்பி என்னிடம் கேட்டான். கெட் ஆஃப் என்றால் குதிரையை விட்டு இறங்குவது, அது நடப்பதில்லை. டிசெண்ட் என்று சொல்லலாம், கொஞ்சம் கோவில் புத்தகம் மாதிரி இருக்கும். "அழகர் என்டர்ஸ் த வைகை" என்று சொல், இங்கிலீஷ் பேப்பர்காரர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்றேன். அவன் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, "எறங்குறாருங்கிறது இல்லையேண்ணே அதுல" என்றான். இல்லைதான். அடுத்த வருடம் அந்த ஒரு சொல்லைத் தமிழிலேயே சொல்லிவிட்டுப் பிறகு விளக்கு என்று சொல்லியிருக்கிறேன்.